வளைவில் காணாமல் போன தூள்

என் பெயரும் விலாசமும் மேலே குறிக்கப்பட்டுள்ளன. வயது முப்பத்திரண்டு. ஆலைகளுக்குத் தூசி உறிஞ்சும் குழாய் வடிவமைத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குழாய்க்குள் காற்றும் தூசியும் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் படமாகக் காட்டுவது என் வேலை. அதனால் அலுவலகத்தில் எனக்குப் படக்காரி என்று பெயர்.

எங்கள் அலுவலகம் குழாய் வடிவமைத்த மரச்சாமான் ஆலையில் நடந்த தீ விபத்து பற்றிக் காவல் நிலையத்தில் என்னை விசாரித்தார்கள். அதே மாதிரிக் குழாய் எங்களிடம் வாங்கிய இரண்டாவது ஆலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று வந்தவுடனேயே கேட்டேன். "வரிசையா சொல்லும்மா, எல்லாம் எழுதணும்" என்று ஆய்வாளர் சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

தீப்பிடித்த முதல் ஆலையின் குழாய்க்கு நான் செய்ய வேண்டியிருந்தவை இரண்டு படங்கள். ஒன்று, மரத்தூள் பறந்து போவதைக் காட்டும் வீடியோ. எங்கள் மென்பொருளில், சுவரில் ஒட்டிய தூளின் கணக்கு அத்துடன் முடிந்துவிடும், வீடியோவிலிருந்தும் அது மறைந்துவிடும். ஆகவே தூள் அதிகமாக ஒட்டும் இடம்தான் வீடியோவில் படு சுத்தமாகத் தெரியும். ஒட்டியதைப் பார்க்க வேண்டுமானால் சுவருக்கே நிறம் கொடுத்து இன்னொரு படம் போட வேண்டும். அது தயாராகும் முன்பே மேனேஜர் வீடியோவை ஆலைக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஆலையின் ஃபோர்மேன், வீடியோவில் தூள் மொய்த்த நேர்ப்பகுதியில் சுத்தம் செய்யும் கதவை வைத்தார், குழாய் திரும்பும் வளைவில் ஒன்றும் தெரியாததால் அங்கே வைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணால் பார்த்ததை நம்பினார்.

அதன் பிறகு சுவர்ப்படம் வந்தது. வளைவு முழுவதும் சிவப்பு. அங்கேதான் தூள் அப்பிக் கிடக்கும் என்று அர்த்தம். மேனேஜரிடம் காட்டினேன். "வீடியோல தொடச்சு வச்ச மாதிரி இருக்கு, நீ என்னடான்னா செவப்பு பூசிக்கிட்டு வர்ற" என்று சிரித்தார். "தூளு ஒட்டிக்கிச்சு சார், அதனாலதான் காணோம்" என்றேன். அடுத்த ஆர்டரில் பார்க்கலாம் என்றார். அடுத்த ஆர்டரான இரண்டாவது ஆலைக்கும் அதே வரைபடம்தான் போனது. அதன் பிறகு முதல் ஆலையின் வளைவில் அப்பிய தூளில் தீப்பொறி சிக்கித் தீப்பிடித்தது. மெஷின் ஓட்டிய இருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், ஒருவர் இன்னும் கண் திறக்கவில்லை.

இதில் எனக்குச் சொந்த அக்கறை ஏதும் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். உண்டு. இரண்டாவது ஆலையில் மெருகு போடும் பிரிவில் என் தங்கை வேலை செய்கிறாள். வளைவு அவள் தலைக்கு நேர் மேலே இருக்கிறது.

அதன் பிறகு ஆய்வாளர் அந்த ஆலைக்குப் போன் செய்தார். கதவைத் திறந்து பார்த்தாயிற்று, துளி தூள்கூட இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் திறந்த கதவும் நேர்ப்பகுதியில்தான் இருக்கிறது. அனுமதி கேட்டுத் தங்கையைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "ஸ்டூல் மேல ஏறி நேர்க்குழாயத் தட்டுடி, அப்புறம் வளைவத் தட்டு, வெரல் முட்டி போதும்" என்றேன். "வேலை நேரத்துல வெளையாடுறியாக்கா" என்று அலுத்துக்கொண்டே தட்டினாள். நேர்ப்பகுதி கணீரென்றது. தூள் அடைத்துக் கிடந்த வளைவு, தலையணையைத் தட்டியதுபோலத் தொப்பென்றது. ஆய்வாளர் காதிலும் அது விழுந்தது. "மொதல்ல அந்தப் பொண்ண வெளிய வரச் சொல்லு" என்று எழுந்தார். இந்த இடத்தில் எழுதுவது நிறுத்தப்பட்டது.

மோட்டார் நின்றுவிட்டது, எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று தங்கை சொன்ன பிறகு மீண்டும் உட்கார்ந்தேன். மேலே உள்ளதைப் படித்துக் காட்டினார்கள், நடந்தது நடந்தபடியே இருக்கிறது. தங்கையைப் பார்க்கப் போகும் அவசரத்தில் போட்டதால் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. என்னுடையதுதான்.