கார் குடித்த பெட்ரோல்

என் பெயர் அபிராமி. வயது 41. கணவர் ஜெயபாண்டி, இறந்துவிட்டார். மண்ணரையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்.

முதலிபாளையத்தில் கிட்டுசாமி என்பவரின் நிட்டிங் கம்பெனியில் நான் துணி செக்கிங் வேலை செய்கிறேன். என் கணவர் அங்கேயே கார் டிரைவராக இருந்தார். காரின் மைலேஜ் பாதியாகக் குறைந்ததால், அவர் பெட்ரோலைத் திருடி விற்றதாக முதலாளி இந்தக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, வேலையை விட்டும் நிறுத்தினார். அதன் பிறகு என் கணவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். விசாரணைக்கு வர வேண்டிய அன்று காலையில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அன்றைக்குப் போடத் துவைத்த சட்டை கொடியில் ஈரமாகக் கிடந்தது.

அதன் பிறகு நான் வேலைக்குப் போனபோது புதிய டிரைவர் சதீஷ்குமார், "எனக்கும் அதே மைலேஜ்தானுங்கக்கா குடுக்குது. அடுத்த திருடன் நானாட்டம் இருக்குதுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் பெட்ரோல் எங்கேதான் போகிறது என்று வேலையிலும் அதே நினைப்பாக இருந்தது. முதலாளியிடமே போய்க் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு காரை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார்.

மெக்கானிக் ஆரோக்கியராஜ் காருக்கு அடியிலிருந்து, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் என்ற டப்பாவைக் கழற்றினார். புதியது ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தபோது தேனடை போல ஓட்டை ஓட்டையாக அந்தப் பக்கம் தெரிந்தது. பழையதில் கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒரே இருட்டு. "பொகை போக வழியில்லக்கா. மூச்சு முட்டுனா வண்டி இழுக்காது, பெட்ரோலத்தான் குடிக்கும்" என்றார். எதனால் அடைத்தது என்று கேட்டேன். அவர் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டார். பெட்ரோல் காய்ந்த பிறகும் கறை போகவில்லை. முதலாளி துணியை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்து, "இது நம்ம மெஷின் ஆயிலுங்க" என்றார். ஷிப்மெண்ட் அவசரத்தில் பெட்ரோல் பங்கில் நிற்க வேண்டாமென்று, காலியான மெஷின் ஆயில் கேன்களில் பெட்ரோல் வாங்கி வைத்து ஊற்றுவது எங்கள் கம்பெனி வழக்கம். கேனில் ஒட்டியிருந்த ஆயில் எரிந்து எரிந்து அடைத்ததாக மெக்கானிக் சொன்னார்.

அதன் பிறகு முதலாளி, "நடந்தது நடந்துபோச்சுங்கம்மணி. மனுவ வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார். வாபஸ் வாங்கினால், செத்தவன் என்று இரக்கப்பட்டு விட்டதாகத்தான் பேசுவார்கள். "அது வேண்டாம் மொதலாளி. அவரு எடுக்கலைன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்றேன். அவர் வண்டியில் ஏறி, என்னையும் இங்கே கூட்டிவந்தார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து அவரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜெ. அபிராமி