எஞ்சினையும் மந்திரித்த ஞாயிறு

காலை அந்த ஸ்டூல்மேல் வைத்துக்கொள்ளுங்கள் ஃபாதர். மாவுக்கட்டு போட்ட காலைத் தொங்கப்போட்டால் வீக்கம் வற்றாது. சாத்துக்குடி கொண்டுவந்திருக்கிறேன், என் வீட்டுக்காரி லினெட் கொடுத்தனுப்பினாள். நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம், குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.

என்னை உங்களுக்குத் தெரியும். லூர்துபிரகாஷ் என்றால் முதலியார்பேட்டையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டெண்ட், நம் கோயில் பங்குப் பேரவையில் உறுப்பினர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. சனிக்கிழமை வந்தால் காரின் பானட்டைத் திறந்து எஞ்சினைச் சுத்தம் செய்வேன். எனக்கு இருக்கிற ஒரே பழக்கம் அதுதான்.

சூடு ஆறிய பிறகுதான் தொடுவேன். பேட்டரியையும் ஃபியூஸ் பெட்டியையும் கவர் போட்டு மூடி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பேன். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது மிருகத்தனம். கடைசியில் பிளாஸ்டிக்குக்கும் ரப்பர் குழாய்களுக்கும் பாலிஷ். பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா வரும்போதெல்லாம் கொண்டுவருவார். பால் மாதிரி இருக்கும், தடவினால் பழைய பிளாஸ்டிக்கும் கருகருவென்று மினுங்கும். "மூடி வெக்கிற எடத்துக்கு எதுக்குங்க இவ்ளோ மேக்கப்பு? கிச்சன் சிங்க்க ஒரு நாளாவது இப்பிடி தேச்சிருக்கீங்களா?" என்று லினெட் கேட்பாள். சிங்க்குக்கு பானட் கிடையாது என்பதை அவளுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன்.

போன வருஷம் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கும் வண்டி மந்திரிப்பு ஞாயிறன்று என் காருக்கு முன்னால் வந்து நின்றீர்கள். "பானட்ட தெறப்பா. எஞ்சினுக்குத்தான் மொதல்ல ஆசீர்வாதம் வேணும்" என்றீர்கள். திறந்தேன். நீங்கள் கொஞ்சமும் கை சுருக்காமல் தீர்த்தத்தை அள்ளித் தெளித்தீர்கள். நம் கோயில் போர் தண்ணீர் பருப்பு வேகாத தண்ணீர் என்பது உங்கள் சமையல்காரம்மாவுக்கே தெரியும். காய்ந்ததும் எஞ்சின் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது, பிறகு குறைந்துவிட்டது.

இந்த வருஷம் முன்யோசனையோடு இருந்தேன். தீர்த்தம் வேண்டாம் என்று சொன்னால் விசுவாசமில்லாதவன் ஆகிவிடுவேன். அதனால் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். அதில் உப்பு கிடையாது, புள்ளி விழாது. கேனை டிக்கியில் வைக்கும்போதுதான் ஒரு யோசனை வந்தது. எப்படியும் ஃபாதர் எஞ்சின்மேல் தெளிக்கத்தான் போகிறார், வெறும் தண்ணீராக ஏன் தெளிக்க வேண்டும். பாலிஷைக் கேனில் கலந்துவிட்டேன். நீங்கள் தெளித்தால் நான் துடைத்துக்கொள்வேன், ஆசீர்வாதமும் ஆயிற்று, சனிக்கிழமை வேலையும் முடிந்தது.

ஞாயிறு காலை, கோயில் எடுபிடி வேலையெல்லாம் பார்க்கும் நம் கோயில் பிள்ளை கிறிஸ்துதாஸ் எப்போதும்போலக் குழாயடியில் பக்கெட்டைக் கழுவித் தண்ணீர் பிடித்தார். "குடுங்கண்ணே, நான் தூக்கியாரேன்" என்றேன். பாவம், சந்தோஷமாகக் கொடுத்தார். என் கார் மறைவில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேனைக் கவிழ்த்தேன். அதன் பிறகுதான் நீங்கள் ஜெபம் சொல்லி மந்திரித்தீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே தீர்த்தம் செல்லும், அதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.

"என்னப்பா, பால் மாதிரி இருக்கு? வாசனை வேற அடிக்குது" என்று கேட்டீர்கள். "பக்கெட்ட கழுவுனது கிறிஸ்துதாஸ் அண்ணன்தான் ஃபாதர்" என்றேன். இதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை.

முதலில் என் கார். நீங்கள் தெளிக்கத் தெளிக்க நான் துணியால் பரவலாக இழுத்துவிட்டேன். அந்த எஞ்சினை நீங்கள் குனிந்து பார்த்திருக்க வேண்டும் ஃபாதர். எனக்குக் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷத்தில், எனக்குப் பின்னால் வரிசையில் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் நிற்பதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதும் சரியில்லை. பார்த்தேன், ஆனால் பானட்டை மூட மனசு வரவில்லை.

பிரேக்கிலும் சீட்டிலும் படக்கூடாது என்று பாட்டிலில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரியும், பள்ளிக்கூடத்தில் அதில்தான் முதல் மார்க்.

பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மெரின் டீச்சர் கோயில் கேட்டிலேயே சீட்டிலிருந்து வழுக்கி, அங்கே குந்தியிருந்த தண்ணி லாரிக்காரர் மடியில் உட்கார்ந்தார். பாடகர் குழுப் பையன்கள் இருவர் சாக்கடை ஓரம் படுத்துக் கிடந்தார்கள். மிச்சத் தண்ணீர் முழுவதையும் நீங்கள் உங்கள் ஸ்கூட்டருக்கே ஊற்றிக்கொண்டீர்கள், முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கையில் துணி இருந்தது, எஞ்சினில் ஒரு மூலை பாக்கி இருந்தது. கடலூர் ரோடு திருப்பத்தில் நாய் குறுக்கே வந்தபோது உங்கள் பிரேக் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன்.

பழி கிறிஸ்துதாஸ்மேல் விழுந்தது. ஒரு காலத்தில் அவர் குடித்தவர், விட்டு இரண்டு தவக்காலம் ஆகிறது. "மறுபடி ஆரம்பிச்சுட்டான்யா. போதையில எதையோ பக்கெட்ல ஊத்தியிருக்கான்" என்று பங்கே பேசியது. வேலை போனால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடும் போய்விடும். அதைவிட, அவர் மனைவி லூர்துசெல்வி அவர் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுகிறாளாம்.

போன சனிக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். "தம்பி, நான் நல்ல தண்ணிதான் புடிச்சேன். நீங்க பாத்தீங்கல்ல. ஃபாதர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. எம்பொண்டாட்டியே என்ன நம்ப மாட்டேங்கிறா" என்றார். சொல்லும்போது அழுதுகொண்டே ரேடியேட்டர் பக்கம் கையை ஊன்றினார். "பாக்கலாம்ணே" என்று சொல்லி அனுப்பினேன். அவர் கைரேகையைத் துடைக்க வெகுநேரம் ஆயிற்று, விரலில் எண்ணெய் போலிருக்கிறது.

நேற்றுப் பேரவைக் கூட்டத்தில் நீங்கள்தான் மனமிரங்கினீர்கள். "வேலைய விட்டு எடுக்க வேணாம். பரிகாரமா எல்லா வண்டியையும் கழுவிக் குடுக்கட்டும்" என்றீர்கள். நல்ல முடிவு என்று நானும் கை தூக்கினேன். தூக்கிய கையை இறக்குவதற்குள் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் மரிய அருண் எழுந்தார். "எங்க கட பிரஷர் பம்ப்ப தரேன். பானட்ட தெறந்து எஞ்சினோட சேத்து அடிச்சாதான் இந்தப் பிசுக்கு போவும். கோயில் போர் தண்ணி இருக்கவே இருக்கு. பேரவை ஆளுங்க வண்டியிலேந்து ஆரம்பிக்கலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இந்தச் சனிக்கிழமை முதல் வண்டி என்னுடையது.

அந்த நிமிஷம்தான் என் மனசாட்சி விழித்துக்கொண்டது ஃபாதர். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை. என் தவறுக்காக ஒரு நிரபராதி என் எஞ்சின்மேல் பம்ப் அடிக்கப் போகிறான் என்று நினைக்கும்போதே நெஞ்சு பதறியது. இப்படி ஒரு அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் நான் இல்லை.

எழுந்திருக்காதீர்கள், கட்டு அசையும். ஃபோனையும் எடுக்க வேண்டாம். உள்ளே வந்ததும் முழங்காலிட்டு, "சாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதித்தருளும்" என்றேன், நீங்களும் கை உயர்த்தி ஆசீர்வதித்தீர்கள். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இவ்வளவு நேரம் நடந்தது பாவசங்கீர்த்தனம், என் பாவத்தைச் சாமியிடம் அறிக்கையிட்டேன். இதில் கேட்டதை பிஷப்பே கேட்டாலும் நீங்கள் வெளியே சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் கிறிஸ்துதாஸுக்காக ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். மற்ற வண்டிகளை அவர் கழுவட்டும், உழைப்பு உடம்புக்கு நல்லது. எனக்கு இப்போது மனசு லேசாக இருக்கிறது.

பாவத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய அபராதம் மட்டும்தான் பாக்கி. ஒரு ஜெபமாலை சொல் என்று சுலபமாக விட்டுவிடாதீர்கள், நான் செய்தது சின்னப் பாவமில்லை. இனிமேல் என் எஞ்சினை வேறு யாரும் தொடக்கூடாது, ஆயுள் முழுக்க நான் ஒருவனே துடைக்க வேண்டும் என்று கொடுங்கள். பேரவையில் கேட்டால் சாமி கொடுத்த அபராதம் என்று சொல்லிவிடுவேன், ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், தாங்கிக்கொள்கிறேன்.