முறத்தில் நடந்த நடை

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் ஷேர் ஜீப்பில் என் எதிரே இரண்டு பெண்கள்.

"நேத்து ஒக்காந்துனே எட்டாயிரம் அடி நடந்துட்டேன்க்கா," என்றாள் இளையவள், கையிலிருந்த வாட்சைக் காட்டி.

"இன்னாடி சொல்ற?"

"சாமை பொடைச்சேன். கை ஆடுனா நடைன்னு எண்ணிக்குது."

"அப்புறம் ஏன் மூஞ்சி தொங்குது?"

"தெனம் எட்டாயிரம் அடி கணக்கு, வுடாம இன்னிக்கு நூறாவது நாளு. இன்னும் இருநூறு அடி பாக்கி. சார்ஜு தீரப்போவுது, ஊர்ல கரண்டு இல்ல. வுட்டா மறுபடியும் ஒண்ணுலேர்ந்துதான்."

மூத்தவள் சந்தையில் வாங்கிய புது முறத்தை அவள் மடியில் வைத்தாள்.

"பொடைடி!"

வெறும் முறம் ஆடியது. ஜீப்பில் இருந்தவர்கள் சத்தமாக எண்ணினார்கள். வாட்ச் அதிர்ந்ததும் ஒரே கைதட்டல்.

இளையவள் முறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"டிரைவரண்ணே, எங்க வூட்டாண்டயே நிறுத்துங்க. ரோட்டுலேர்ந்து யாரு நடக்கிறது?"