பன்னிரண்டாவது டியூப்

மூலக்குளத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஆய்வகக் கதவைத் திறந்தவரே! கண் மங்கினாலும் கணக்குப் பிசகாதவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அஞ்சலாட்சி அம்மையீர், வணக்கம்.

புகழ்ந்தால் தலை குனிந்துகொள்வீர்கள். ஆகவே தங்கள் கதையை இந்த அவைக்கே சொல்கிறோம்.

உடலின் உயிரணுக்கள் தம் வேளை வந்ததும் தாமே அடங்கிவிடும். தைராய்டு நோயாளிகளுக்கு அந்த அடக்கம் முறை தவறி மிகுந்துவிடுகிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. மடிந்த வெள்ளணுக்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது அம்மாவின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்களின் இரத்தமும் வேண்டும். அதற்கு ஊழியர்களே கை நீட்டுவது இங்கு வழக்கம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வீராம்பட்டினம் முகாமில் நலமானவர்களிடம் எடுத்த இரத்தம், ஒரே பெட்டியில் பன்னிரண்டு டியூப்களில் வந்தது. பன்னிரண்டாவது, முகாம் வேலைக்குப் போன இடத்தில் தானும் கை நீட்டிய, அம்மாவின் பக்கத்து நாற்காலித் தோழி, உழவர்கரை சுடர்விழியுடையது. அதில் மட்டும் மடிந்த அணுக்கள் ஏராளம். வெயிலில் கிடந்த இரத்தமும் அப்படித்தான் காட்டும்.

“டியூப் கெட்டுப்போச்சிடி. ஒனக்கு என்ன கொறை, மெலிஞ்சி ஜம்முன்னு இருக்க” என்று சிரித்தபடியே அம்மா அதைக் கொட்டிவிட்டார். அதே பெட்டியில் வந்த மற்ற பதினொன்றும் கெடவில்லையே என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்தே மாதத்தில் சுடர்விழி போய்விட்டார். யாரும் கண்டுகொள்ளாத தைராய்டு மிகைச் சுரப்பு, இதயத்தை ஓட ஓட விரட்டி ஓய வைத்துவிட்டது. பாவி மனுஷி, உடம்பு இளைத்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே அம்மா தன் பிழையைத் தானே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். நலமானவர் டியூபில் கணக்கு மிகுந்தால் கொட்டக் கூடாது, ஆளை அழைத்துத் தைராய்டு பார்க்க வேண்டும் என்று அதன் கீழேயே விதியும் எழுதினார். அந்தப் பக்கத்து நாற்காலியில் பிறகு யாரையும் உட்கார விடவில்லை.

யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அவர்தான் தன்னை விடவில்லை. பாராட்டு மடல் என்றதுமே, “சுடர்விழிய எழுதலன்னா எனக்கு மடலே வேணாம்” என்றுவிட்டார். எழுதிவிட்டோம், அம்மா.

தாங்கள் எழுதச் சொல்லாததையும் எழுதுகிறோம். அந்த விதியால் திரும்ப அழைக்கப்பட்டு, நோய் தெரிந்து, பிழைத்தவர்கள் நால்வர். அவர்களில் நான்காவது ஆள், இப்போது இம்மடலை வாசித்து நிற்கும் தையல்நாயகி.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, இனியேனும் நிம்மதியாக வாழ்க. அந்த நாற்காலியைத் தினமும் நாங்கள் துடைத்து வைக்கிறோம்.

கலங்கிய கண்களுடன்,
ஆய்வக ஊழியர்கள்,
புதுச்சேரி