கொசுறாகக் கேட்ட அறை

தேநீர் நன்றாக இருந்தது, ஐயா. இந்த மாதிரி அலுவலகங்களில் வெந்நீருக்கே தேநீர் என்று பெயர் வைத்திருப்பார்கள். உங்கள் ஆள் பாலைக் கண்ணில் காட்டியிருக்கிறார். ஒரே ஒரு குறை. இரண்டாவது கோப்பை நான் கேட்காமலே வந்துவிட்டது. எனக்குக் கேட்டு வாங்கினால்தான் எதுவும் இனிக்கும்.

வளர்ந்த விதம் அப்படி. அப்பாவுக்குப் பாத்திரக்கடை, பெரியப்பாவுக்கு எதிர்வரிசையில் துணிக்கடை, சித்தப்பா தரகர். எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போனதில்லை. "ரெண்டு தடவை தலை வாரணும்னா நாளைக்குக் குளிக்க மாட்டேன்" என்பேன். அம்மா ஒரு தடவைக்கு ஒப்புக்கொள்வாள். அப்பாவிடம் இரண்டே சட்டங்கள். முதலில் சொல்கிற விலை விலையல்ல, அது வெறும் வணக்கம். விலை படிந்த பிறகு கொசுறு கேட்காமல் கிளம்பக் கூடாது. கொசுறு கொடுக்காதவன் மனம் நிறைந்து விற்கவில்லை என்று பொருள். என் கல்யாண மோதிரத்துக்கே டப்பாவை இலவசமாகக் கேட்டவன் நான். அந்த டப்பா இன்னும் என் மனைவியிடம் இருக்கிறது. மோதிரத்தைவிட அதைத்தான் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள்.

அதனால்தான் அரசாங்கம் பள்ளிக் கட்டடத் திட்டம் கொண்டுவந்தபோது, வணிகர் சங்கத்திலிருந்து என்னைக் குழுவில் போட்டார்கள். அரசாங்கப் பணம் என்றால் ஊரில் எல்லோருக்கும் கை தாராளம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஊற்றுவார்கள். கொடுத்த காசுக்குச் சரக்கு வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? சம்பளம் கிடையாது. சம்பளம் கொடுத்திருந்தாலும் இதைவிட உண்மையாக உழைத்திருக்க மாட்டேன்.

குழுவில் என்னோடு மல்லுக்கு நின்றவர் தலைமையாசிரியை. வெற்றிலைப் பெட்டி மாதிரி கச்சிதமான பெண்மணி. கைப்பையில் எப்போதும் சுண்ணக்கட்டி இருக்கும். முதல் கூட்டத்திலேயே மேசைமேல் அதை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், கட்டடத்தோட செலவை அது நிக்கப்போற வருஷத்தால வகுக்கணும். அப்பதான் லாபமா நஷ்டமான்னு தெரியும்."

"அம்மா, வருஷம் நாளைக்கு வர்றது. பிள்ளைங்க இன்னைக்கு மரத்தடியில உக்காந்திருக்கு. தலைக்கு எவ்வளவு ஆகுதுன்னு வகுங்க."

"தலைக்கு வகுக்க இது என்ன விருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வாயாடியை எனக்குப் பிடிக்கும். ஆனால் திட்டத்தின் விதி என் பக்கம் இருந்தது. பயன்பாட்டில் உள்ள அறைகளில் உட்காரும் பிள்ளைகளை மட்டும் எண்ணி, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு என்று பார்ப்பார்கள். எந்த ஊரில் அது குறைவோ, அந்த ஊருக்கே அடுத்த பள்ளியும் கிடைக்கும். ஆக, நான் மிச்சம் பிடித்தது எனக்காக அல்ல. அதை உங்கள் எழுத்தர் தனி வரியாகத் தட்டச்சு செய்தால் நன்றாக இருக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் போனேன். தடித்த ஆள், நல்ல மனசு, பேசும்போது தொப்பையைத் தட்டிக்கொண்டே பேசுவார். அவருடைய சிமெண்டுக் கிடங்கில் உட்கார்ந்து நான்கு அறைக்கு விலை பேசினோம். நான் இரண்டு தடவை எழுந்து போனேன். எழுந்து போவதிலும் பக்குவம் இருக்கிறது, ஐயா. செருப்பை நிதானமாக மாட்ட வேண்டும். கூப்பிடுவதற்கு அவனுக்கும் நேரம் வேண்டும் அல்லவா? இரண்டாவது தடவை வார் அறுந்த மாதிரி குனிந்தே நின்றேன். கூப்பிட்டார். விலை படிந்தது. அடிமாட்டு விலை என்று அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சரி, கொசுறு?" என்றேன்.

"என்னண்ணே கொசுறு?"

"மேல ஒரு அறை."

"கொத்தமல்லி கேக்குற மாதிரி கட்டடம் கேக்குறீங்களே."

"நாலு கட்டு வாங்குறவனுக்கு ஒரு கொத்து போட மாட்டீங்களா?"

தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டார். சிரித்தவன் கொடுத்துவிடுவான், அது எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பழைய கம்பி கொஞ்சம் கிடக்கிறது, வேறு எங்கோ இடித்த செங்கல் இருக்கிறது, போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்றார். நான்கு அறை விலையில் ஐந்து அறை. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். காற்றில் மிதந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பொறியாளர் அம்மா வந்தது இந்த இடத்தில்தான். சின்ன வயது, தலையில் பெரிய தொப்பி, காலில் அதைவிடப் பெரிய சப்பாத்து. இப்போது உங்கள் பக்கத்து அறையில் வைத்திருக்கிறீர்களே, அவர்தான். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அஸ்திவாரம் தரைத்தளத்துக்கு மட்டும்தான் போட்டிருக்கு. தூணும் அப்படித்தான். மேல ஏத்தினா தாங்காது."

"தாங்காதுன்னா, எவ்வளவு தாங்காது?"

"என்ன சார் கேள்வி இது?"

"சும்மா சொல்லுங்கம்மா. எவ்வளவு தாங்கும், நாங்க எவ்வளவு ஏத்துறோம்?"

சொன்னார். தாங்கக்கூடியதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றார். நான் யோசித்தேன். செங்கல் சுவருக்குப் பதில் பாதி உயரத்துக்குப் பலகை வைத்தால்? குறையும் என்றார். கூரைக்குத் தகரம்? குறையும். மேசை, நாற்காலி வேண்டாம், தரையில் உட்காரட்டும்? அதுவும் குறையும். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. பேரத்தில் எதிராளியின் முகம் அப்படித்தான் ஆகும். நெருங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம்.

"பெரிய பிள்ளைங்களைக் கீழ வெச்சிட்டு, சின்னதுகளை மேல அனுப்புவோம். எடை கம்மி."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "சார், இது கத்தரிக்காய் இல்ல. நானும் கடைக்காரி இல்ல. தாங்காதுன்னா தாங்காது."

இதை நான் எப்படிக் கேட்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஐயா. எத்தனையோ வியாபாரிகள் இதே குரலில் "கட்டாதுண்ணே, கட்டவே கட்டாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன எல்லோரும் பிறகு கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த எல்லோரும் இன்றைக்கும் கடை நடத்துகிறார்கள். ஆகவே பொறியாளர் அம்மா சொன்னதையும் நான் வணக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

குழு என் பக்கம் கை தூக்கியது. இலவச அறையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பொறியாளர் அம்மா விடவில்லை. அறை எழும்பியதும் அவரே பூட்டு வாங்கி மாட்டி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். தூண்களைப் பலப்படுத்திய பிறகுதான் திறப்பேன் என்றார். பலப்படுத்த ஆகும் செலவைக் கேட்டேன். நான் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போய்விடும், மேலே கையையும் கடிக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "பார்க்கலாம்மா" என்றேன். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் ஒரே பொருள்தான்.

சில மாதம் கழித்துத் தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். மாடி அறைக்கு நேர் கீழே உள்ள வகுப்பின் கதவு பிடிக்கிறதாம், சாத்த முடியவில்லையாம். தச்சரை அனுப்பி இழைக்கச் சொன்னேன். மறுபடியும் பிடித்தது. மறுபடியும் இழைத்தோம். மழைக்காலத்தில் மரம் உப்பும், ஐயா. அது கோடைக்காலம் என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. நான்கு அறைகளை வைத்து வகுத்தால் நாம் இரண்டாவது இடம். ஐந்தை வைத்து வகுத்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். ஆனால் பூட்டிய அறை கணக்கில் வராது. அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள்:

"என்ன, சோத்தைப் பார்த்து மனக்கணக்குப் போடுறீங்க?"

"ஒரு நாள்தான். ஒரே ஒரு நாள் பிள்ளைங்க உக்காந்தா போதும்."

"எங்க உக்காரணும்?"

"மாடியில."

"அந்தப் பொண்ணு பூட்டி வெச்சிருக்கிற அறையிலயா?" கரண்டி அவள் கையிலேயே நின்றது. "உங்க பேரனை உக்கார வைப்பீங்களா?"

"அவன் வேற பள்ளிக்கூடம்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் ஏன் அத்தோடு சோறு போடுவதை நிறுத்தினாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பூட்டை ஆள் வைத்து அறுத்தேன். அதே மாதிரி ஒரு பூட்டு வாங்கி அந்த இடத்தில் மாட்டினேன். காலையில் தலைமையாசிரியை வந்ததும் புதுச் சாவியை அவர் கையில் வைத்தேன்.

"பொறியாளர் அம்மா சம்மதிச்சுட்டாங்க. சாவியைக் கொடுத்து விட்டிருக்காங்க."

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணா? வாயால சொல்லிச்சா?"

"சாவியே வந்துடுச்சு, வாய் எதுக்கும்மா?"

அவர் கணக்கு ஆசிரியை. வாய்ச்சொல்லை நம்ப மாட்டார், கையில் இருக்கிற பொருளை நம்புவார். மற்ற ஆசிரியர்களிடம் போய், பொறியாளர் அனுமதி வந்துவிட்டது என்று சொன்னார். அதைத்தான் அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார்கள். முதல் வகுப்புச் சின்னதுகளை வரிசையாக மாடிக்கு ஏற்றினார்கள். படி ஏறுவதே அதுகளுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு வாண்டு மேலிருந்து எனக்குக் கையாட்டியது. அவர்களுடைய ஆசிரியை விடுப்பு என்பதால் தலைமையாசிரியையே சுண்ணக்கட்டியோடு மேலே போனார்.

மதிப்பீட்டுக் குழுவின் வண்டி வாசலில் திரும்பும்போது மாடி கீழே வந்தது. கீழ் அறைப் பிள்ளைகள் விளையாட்டு வகுப்புக்காக வெளியே இருந்தார்கள். அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், பத்திரிகைகளும் எழுதவில்லை. நல்லதைச் சொல்ல ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று தெரியவில்லை.

நான் ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். மனைவி சொன்னாள் என்பது ஒன்று. "அந்தப் பொண்ணு உள்ள இருக்கா, நீங்க தின்னுட்டுத் தூங்குறீங்க" என்றாள். அது நியாயம்தான். பொறியாளர் அம்மா சொல்வது அத்தனையும் சத்தியம். அவர் சாவி அவர் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. விட்டுவிடுங்கள், கல்யாணம் ஆகவேண்டிய பெண்.

இன்னொரு காரணம், எங்கள் கட்டடக் குழுத் தலைவர் பத்திரிகையில் கொடுத்த பேட்டி. ஐந்தாவது அறை பொறியாளரின் யோசனை என்று சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த அம்மாவுக்குப் பேரம் பேசவே தெரியாது, ஐயா. காய்கறிக்காரன் சொன்னதை அப்படியே கொடுத்துவிட்டு மிச்சச் சில்லறையைக்கூட எண்ணாமல் போகிறவர். நான்கு அறை விலையில் ஐந்து அறை வாங்குவது அவர் பரம்பரைக்கே வராது.

எழுதிக்கொள்ளுங்கள். அறையைக் கேட்டு வாங்கியவன் நான். தாங்காது என்று என்னிடம் நேரில் சொல்லப்பட்டது. கதவு ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். பூட்டை அறுத்தவன் நான், சாவியைப் பற்றி, இறந்துபோன தலைமையாசிரியையிடம் பொய் சொன்னவன் நான், சின்னப் பிள்ளைகளை மேலே ஏற்றச் சொன்னவனும் நான்தான். இதில் யாருக்கும் பங்கு கிடையாது.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். போடுவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். மதிப்பீட்டுக் குழு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது, செலவைப் பிள்ளைகளால் வகுத்துப் பார்க்கவே இல்லை. நீங்களாவது பாருங்கள். இறந்த பிள்ளைகளைக் கழித்துவிட்டே வகுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்போதும் நம்முடைய பள்ளிக்கூடம்தான் மலிவு.