பழைய கேமில் நிற்கும் தோணி

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் போனில் எதையோ காட்டினான்.

“மச்சான், நம்மட மீன்பிடி கேம் புதுசா வந்திருக்கு. ஒரு தோணில நாலு பேர் போகலாமாம். புது கன்சோல்லதான் ஓடுமாம்.”

“எனக்கு வேணாம்.”

“ஏன்டா? பழசுல இப்ப ஒருத்தரும் இல்லையே.”

“எங்கட கூடப்பொறந்த நானா கட்டார்ல இருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஒன்லைன்ல அந்தப் பழசுக்கு வந்து என்னோட விளையாடினாரே.”

“இப்பயும் வாராரா?”

“பெருநாளோட நிப்பாட்டிட்டார். நான் கோல் எடுத்தாலும் வேலைண்டு போனை வெச்சிடுறார்.”

“அப்ப புதுசை வாங்கேன்.”

பாலாவி தாண்டியதும் மற்றவன் சொன்னான்.

“நான் புதுசுக்குப் போன பிறகு அவர் பழசுல வந்து பார்த்தா, தோணில ஒருத்தரும் இருக்க மாட்டாங்களே.”