ஆறாவது கேள்விக்கு மதிப்பெண்

உங்கள் வீட்டிலும் பதின்மூன்று வயதில் ஒரு நாய் இருப்பதாகச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். முதல் காரியமாகத் தரையைக் கவனியுங்கள். வழுவழுப்பான தரை கிழட்டு நாய்க்கு ஆகாது. அது படுக்கிற மூலையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் ரப்பர் விரிப்பு போடுங்கள். கிண்ணத்தை ஒரு சின்ன முக்காலி மேல் வையுங்கள், கழுத்து வலிக்காது. பாதி வியாதி இதிலேயே ஓடிவிடும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் பேர் வாங்கினேன்.

மீதிப் பாதிக்குத்தான் நான் வர வேண்டும்.

பதினோரு வருடமாக வயதான நாய்களையும் பூனைகளையும் அவை இருக்கிற வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே நடுங்குகிற ஜீவன்கள் சொந்தப் படுக்கையில் கிடந்தபடி என்னிடம் கையை நீட்டும். வீட்டுக்காரர்களும் அப்படித்தான், சொந்த சோபாவில் உட்கார்ந்தால் நன்றாக அழுவார்கள்.

"நேரம் வந்துடுச்சு" என்று வாய்க்கு வந்தபடி சொல்கிற ஆள் இல்லை நான். தாள் இருக்கிறது. நானே தயாரித்தது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, வலி எப்படி, சுத்தமாக இருக்கிறதா, நடக்கிறதா, கூப்பிட்டால் மகிழ்கிறதா, நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமா. எழுபதுக்கு முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் விடை கொடுத்து அனுப்புவது நல்லது. இரண்டு ஊசி. முதல் ஊசியில் தூங்கிவிடும். அதோடு நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்காரும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி போட்டால் எழுந்திருக்காது.

அந்த இரண்டாவது ஊசி நேரத்தில் நீங்கள் ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும். பல்லைக் குத்திக்கொண்டு கம்பெனியை ஆட்டிப்படைக்கிற ஆசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரலையே பார்ப்பான். பத்து வருடம் பேசாத அண்ணன் தம்பி ஒரே கைக்குட்டையில் மூக்கைச் சிந்துவார்கள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார்கள். நான் தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வேன். பழகப் பழக வந்துவிடும்.

மதிப்பெண் போடுவதில் என் கை கொஞ்சம் இறுக்கம்தான், மறைக்கவில்லை. முப்பத்தாறு என்று வந்தால் வீட்டில் சண்டை வரும். அம்மா வேண்டாம் என்பாள், மகன் போதும் என்பான், நாய் நடுவில் கிடக்கும். அதே முப்பத்தொன்று என்றால் எல்லோரும் அழுதுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். ஒரு குடும்பத்தின் நிம்மதிக்காக ஐந்து மதிப்பெண்ணைக் குறைப்பது பெரிய பாவமில்லை. குறைப்பதற்கு வசதியான இடம் ஆறாவது கேள்வி. முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பாவிட்டால் பூஜ்யம். கிழட்டு நாய்க்குக் காது போயிருக்குமே என்று கேட்கிறீர்கள். போயிருக்கும். எனக்குத் தெரியாதா? 'அன்புக்குக் காது தேவையில்லை' என்று என் விசிட்டிங் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறேன். படித்துவிட்டு யாரும் அழாமல் இருந்ததில்லை.

அந்த ஓய்வுபெற்ற பிரின்சிபால் மட்டும் அழவில்லை. படித்துவிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மாடி வீடு, பழைய மரப்பலகைத் தரை. கதவை விடப் பெயர்ப்பலகை கொஞ்சம்தான் சின்னது. பட்டங்கள் மூன்று வரி ஓடி, நான்காவது வரியில் 'முன்னாள் தலைமைத் தேர்வாளர்' என்று முடியும். மூத்த மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். சின்ன மகள் என்று அவர் சொன்னது பதினைந்து வயதுப் பெட்டை நாயை. பேரே சின்னவள்தான். கண்ணில் பால் படர்ந்து, இடுப்பு வளைந்து, நடந்தால் பழைய நாற்காலி நடப்பது போல இருக்கும். எட்டு மாதமாக அவளை நான்தான் பார்த்தேன். விரிப்பு போடச் சொன்னதும் நான்தான், வலி மாத்திரை கொடுத்ததும் நான்தான். அக்கறை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அன்று காலை பத்து மணிக்கு, இன்று முடித்துவிடலாம் என்றுதான் போனேன். கீழ்வீட்டு அம்மாவும் மேலே வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் முன்பு அவருடைய பூனை பஞ்சுவுக்கு விடை கொடுத்தது நான்தான். அந்தப் பழக்கத்தில் ஆறுதல் சொல்ல வந்திருந்தார், முந்தானையைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு.

உள் அறையில் சின்னவளைப் பார்த்துவிட்டு வந்து தாளை நீட்டினேன். மொத்தம் இருபத்தெட்டு.

பிரின்சிபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது, பேனா இன்னும் பையில் இருக்கிறது.

"ஆறாவதுக்கு முட்டை போட்டிருக்கீங்களே தம்பி."

"மூணு தடவை கூப்பிட்டேன் சார். திரும்பல."

"விடை எழுதியிருக்கு. நீங்க பக்கத்தைத் திருப்பிப் பாக்கல."

குதிகாலால் பலகையை இரண்டு முறை தட்டினார். டொக், டொக். உள்ளே நகம் கீறுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் ஒரு மூக்கு வந்தது. அப்புறம் மீதி நாய் தவணை முறையில் வந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. நேராக வந்து அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தாள்.

"பத்தெல்லாம் வேணாம். எட்டு போடுங்க," என்றார். "நடையில ரெண்டு போட்டிருக்கீங்க, இப்ப நடந்து வந்ததைப் பாத்தீங்க, அஞ்சு கொடுக்கணும். ஆக மொத்தம் முப்பத்தொம்பது. பிள்ளை பாஸ் தம்பி."

சுழித்துக் கையெழுத்தும் போட்டார். என் தாளில்.

கீழ்வீட்டு அம்மா முந்தானையை இறக்கினார். "டாக்டர், பஞ்சுவையும் நீங்க முதுகுக்குப் பின்னாடி நின்னுதானே கூப்பிட்டீங்க?"

"ஆமாம்மா. அதுதான் முறை."

"அதுக்கும் காது கேக்காதே. பால் பாத்திரம் வெக்கிற அதிர்வுக்குத்தான் ஓடி வரும். நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் இனிமே அதுக்கு எதுவும் உறைக்காதுன்னீங்க."

பிரின்சிபால் அவர் பக்கம் திரும்பினார். "அந்தத் தாள் இருக்காம்மா?"

"இல்லாமலா? அழகா கையெழுத்துப் போட்டு, பஞ்சு பாதத்தைப் பதிச்சுக் கொடுத்தாரே. பீரோவுல வெச்சிருக்கேன். எடுத்துட்டு வரேன்."

அவர் படி இறங்கினார். சின்னவள் எழுந்து உள் அறைக்குத் திரும்பிப் போனாள், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

"மொத்தம் எத்தனை தாள் தம்பி, இதுவரைக்கும்?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"நானூத்திப் பன்னிரண்டு."

"நகல் வெச்சிருப்பீங்க இல்ல? கொண்டு வாங்க. உக்காந்து ஒவ்வொண்ணாத் திருத்திடலாம். எனக்கு வேற என்ன வேலை? தப்பா ஃபெயில் ஆக்கின பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் ஒரு கடிதம் போட்டுடலாம். அவங்களுக்குத் தெரியணுமில்ல?"

அவர் அதட்டவில்லை. மிரட்டவில்லை. பாசமாகத்தான் சொன்னார். அதனால் எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் எழுதினால் தவறு. நான் அந்த நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஆறி அடங்கிய துக்கம். இன்னொரு குட்டியைக்கூட வாங்கியிருப்பார்கள். அங்கெல்லாம் போய் ஒரு சிவப்புப் பேனா, உங்கள் பிள்ளை பாஸ் என்று சொன்னால் தாங்குவார்களா? யோசித்துப் பாருங்கள். அவர்களை யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தது.

மூச்சுத் திணறுகிற கிழங்களுக்காக என் பையில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். முழங்கை நீளம், மூன்று கிலோ. கழுத்துப் பக்கம் பிடித்தால் கைக்கு அடக்கம்.

முதல் அடி நெற்றியில் விழுந்தது. கண்ணாடி உடைந்து ஒரு சில்லு கண்ணுக்குள் போனது. நாற்காலியோடு சாய்ந்தார். "தம்பி" என்றார், ஏதோ விளக்கம் கேட்பது போல. கீழே கிடந்தவரை அடிப்பது நின்றவரை அடிப்பதைவிடச் சுலபம், மண்டைக்குப் பின்னால் பலகை தாங்கும். காதுக்கு மேலே எலும்பு உள்வாங்கியது. அதற்கப்புறம் சத்தம் மாறிவிட்டது, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல. பல் இரண்டு என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தன. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒன்பது அடி என்று இருக்கிறது. எனக்கு நினைவிருப்பது நான்கு. மதிப்பெண் விஷயத்தில் உங்களோடு தகராறுக்கு வரவில்லை, ஒன்பதே இருக்கட்டும்.

ஒவ்வொரு அடிக்கும் பலகை அதிர்ந்தது. அதை நான் யோசிக்கவில்லை. நிமிர்ந்தபோது கதவோரத்தில் மூக்கு தெரிந்தது.

சின்னவள் வாலை ஆட்டிக்கொண்டே வந்தாள். ரத்தத்தில் பின்கால் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள், பிறகு தவழ்ந்தாள். அவர் பாதத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தாடையை வைத்துக்கொண்டாள். அது இன்னும் லேசாக உதறிக்கொண்டிருந்தது. அவள் அதை நக்கினாள்.

கீழ்வீட்டு அம்மா உங்களிடம் சொன்னதைப் படித்தேன். 'தட்டுற சத்தம் கேட்டுது, சார் மறுபடியும் நாயைக் கூப்பிடறாருன்னு நெனச்சேன்.' சரியான சாட்சி. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு முதல் ஊசியைப் போட்டேன். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், முறை என்றால் முறை. சும்மா உட்காருவானேன் என்று புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை. ஆறாவது கேள்விக்குப் பத்து போட்டேன். அந்த நடைக்கு அதற்குக் குறைவாகப் போட மனசு வரவில்லை. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொன்று. பிரின்சிபாலே முப்பத்தொன்பதுதான் கொடுத்திருந்தார்.

முதல் ஊசியோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். எழுந்து யாரைப் பார்ப்பாள்? தனியாகிவிட்ட ஜீவன். நான் இரக்கமில்லாதவன் இல்லை. பத்தாவது நிமிடம் இரண்டாவது ஊசியைப் போட்டேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு அழகாக நின்றது.

அப்போதுதான் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து கதவைத் தட்டினார். பீரோச் சாவியைத் தேடித் தாமதமாகிவிட்டதாம். நான் உள்ளேயிருந்தே, கொஞ்சம் வெளியே இருங்கம்மா என்றேன். என் குரலில் அந்த நேரத்தில் ஒரு கனிவு இருக்கும், யாரும் மீறி வர மாட்டார்கள். அவர் நின்றுவிட்டார்.

"ஏன் டாக்டர், மனசு மாறிட்டாரா? ஊசி போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சும்மா."

"ஐயோ பாவம். வலிச்சுதா?"

"கொஞ்சம்கூட இல்ல. தூக்கத்துலயே போயிட்டா."

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் அழ ஆரம்பித்தார். பிறகு கேட்டார், "சார் எப்படித் தாங்கிக்கிறாரு?"

"அவரும் அமைதியா இருக்காரும்மா," என்றேன்.

பதினோரு வருடத்தில் எந்த வீட்டு வாசலிலும் நான் ஒரு பொய் சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.